மெதுவாக மிதிப்பவர் முன்னால் போகட்டும்

போன வாரம் நாங்கள் ஐந்து பேர் ஒரு சின்னத் தீவைச் சைக்கிளில் சுற்றி வந்தோம். கடலை ஒட்டியே போகும் சாலை, மொத்தம் 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தினமும் ஓட்டிப் பழகியவர்களுக்கு இரண்டு மணி நேரம் போதும். நாங்கள் காலை ஆறரைக்குக் கிளம்பி மாலை நான்கு மணிக்குத்தான் படகுத்துறைக்குத் திரும்பினோம். எத்தனை இடத்தில் நின்றோம் என்று யாரும் எண்ணவில்லை. அண்மையில் நான் இவ்வளவு மகிழ்ச்சியாகக் கழித்த நாள் வேறு இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு இதே ஐவரும் இதே தீவைச் சுற்றினோம். அந்த நாள் நன்றாக இல்லை. அதற்குக் காரணம் நானும்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

அன்று நானும் இன்னொரு நண்பனும் வேகமாக மிதித்து முன்னால் போய்விடுவோம். ஏதாவது ஒரு திருப்பத்தில் நிழல் பார்த்து நின்று மற்றவர்களுக்காகக் காத்திருப்போம். காத்திருப்பதால் நாங்கள் நல்லவர்கள் என்றே நினைத்துக்கொண்டோம். கடைசியில் வரும் தோழி மூச்சு வாங்க வந்து சேர்வாள். அவள் வந்ததும், "சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாமா?" என்று கேட்டுக்கொண்டே சீட்டில் ஏறுவோம். எங்களுக்குப் பத்து நிமிட ஓய்வு கிடைத்திருக்கும். அவளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைத்திருக்காது. யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவளுக்கு மட்டும் ஓய்வே இல்லை. நாள் முழுக்க இப்படியே நடந்தது, எங்கள் யார் கண்ணிலும் படவில்லை. ஆறு மாதம் கழித்து அடுத்த பயணத்துக்குக் கூப்பிட்டபோதுதான், "நீங்க போயிட்டு வாங்க, நான் வரலை" என்றாள். ஏன் என்று துருவிக் கேட்டபோது இதைச் சொன்னாள்.

அதனால் இந்த முறை ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம். மெதுவாக மிதிப்பவர் முன்னால் போக வேண்டும். அவரை யாரும் முந்தக் கூடாது. அவர் நிற்கும் இடத்தில் எல்லாரும் நிற்க வேண்டும். நண்பர்களோடு சைக்கிளில் போகும் எல்லாரும் இதைப் பின்பற்ற வேண்டும் என்பதே என் கருத்து. பந்தயத்துக்கோ பயிற்சிக்கோ போகிறவர்களை நான் சொல்லவில்லை, அது வேறு விஷயம்.

ஆனால் ஒருவரை மெதுவானவர் என்று முடிவு கட்டும் முன் அவருடைய சைக்கிளைப் பாருங்கள். வாடகைக்கு எடுக்கும் சைக்கிளில் இது இன்னும் முக்கியம். இந்த முறை கிளம்பும் முன் ஒவ்வொரு சைக்கிளையும் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தேன். தோழி எடுத்த சைக்கிளின் முன்சக்கரம் இரண்டு சுற்றிலேயே நின்றுவிட்டது. பிரேக் கட்டை ரிம்மில் உரசிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால் 30 கிலோமீட்டரும் அவள் பிரேக் பிடித்தபடிதான் மிதித்திருப்பாள். கேபிளைத் தளர்த்தினேன், டயருக்குக் காற்று அடித்தேன், சீட்டை உயர்த்தினேன். சீட் உயரத்துக்கு ஒரு எளிய வழி இருக்கிறது: சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நீண்டு நேராக வேண்டும். சீட் அதற்கும் கீழே இருந்தால் முழங்கால் மடங்கியே இருக்கும், தொடை சீக்கிரம் வலிக்கும். போன தடவை அவள் ஓட்டிய சைக்கிளை இப்படி யாராவது பார்த்தோமா? இல்லை. அன்று மெதுவாகப் போனது அவளா, அவளுடைய சைக்கிளா என்று இனி கண்டுபிடிக்க வழியில்லை. அதுதான் எனக்கு இப்போதும் உறுத்துகிறது.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதையும் இந்த முறை யோசித்தோம். சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் தீவை வலம் வருவதுபோல, அதாவது கடிகார முள் போகும் திசையில் சுற்றினால் கடல் எப்போதும் இடது கைப்பக்கமே இருக்கும். எங்கு வேண்டுமானாலும் சாலையைக் கடக்காமல் ஓரமாக நின்று கடலைப் பார்க்கலாம். உள்ளேயிருந்து வரும் சாலைகள் எல்லாம் எதிர்ப்பக்கத்தில் வந்து சேரும். ஜப்பானில் அவாஜி தீவைச் சைக்கிளில் சுற்றுகிறவர்கள் ஏறக்குறைய 150 கிலோமீட்டரையும் கடிகாரத் திசையில்தான் சுற்றுகிறார்கள். அதே நாட்டில் பீவா ஏரியைச் சுற்றுகிறவர்கள் எதிர்த்திசையில் போகிறார்கள். இரண்டிலும் நோக்கம் ஒன்றுதான், தண்ணீர் நம் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும்.

அப்புறம் காற்று. போன தடவை இதில்தான் பெரிய தவறு செய்தோம். படகுத்துறை தீவின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. நாங்கள் போன அந்தப் பருவத்தில் காற்றும் தென்மேற்கிலிருந்துதான் வீசியது. காலையில் பெரும்பாலும் காற்று மெலிந்திருக்கும். வெயில் ஏற ஏறத் தரை கடலைவிட வேகமாகச் சூடாகும், கடற்காற்று கிளம்பும், பிற்பகலில் அது உச்சத்துக்கு வரும். அன்று நாங்கள் கிழக்கு நோக்கிக் கிளம்பினோம். பாதித் தூரம் காற்று முதுகைத் தள்ளியது. நன்றாக ஓட்டுகிறோம் என்று பெருமையாக இருந்தது. மீதிப் பாதி முழுக்க, அதுவும் உச்சி வெயிலுக்குப் பிறகு, எதிர்காற்று. பாதிக்கு வந்துவிட்டால் தீவில் திரும்பிப் போவதும் பயனில்லை, முன்னால் போனாலும் பின்னால் போனாலும் அதே தூரம்தான்.

எதிர்காற்று எடுத்துக்கொள்வதைப் பின்காற்று திருப்பித் தந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றே இல்லாமல் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 20 கிலோமீட்டர் போக 80 நிமிடம் ஆகும். அதே தூரத்தில் பாதி பின்காற்றில் 20 வேகம், பாதி எதிர்காற்றில் 10 வேகம் என்றால் 30 நிமிடமும் 60 நிமிடமும் சேர்ந்து 90 நிமிடம். எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அதற்குள் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம். உடலுக்கு ஆகும் பாடு இதைவிட மோசம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 15 வேகத்தில் போகிறவர் மேல் 15 வேகத்தில் எதிர்காற்று வீசினால், அவர் உடம்பில் மோதும் காற்றின் வேகம் 30. எதிர்ப்பு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. ஏற்கெனவே களைத்தவரிடம் "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. அதைச் சொன்னவன் நான்.

இந்த முறை காலையில் காற்று எழும் முன்பே மேற்குக் கரையில் வடக்கு நோக்கிக் கிளம்பிவிட்டோம். கிழக்குக் கரையில் தீவே காற்றை மறைத்ததால், எதிர்காற்று கடைசி ஆறு கிலோமீட்டருக்கு, தெற்குக் கரையில் மட்டும்தான் வந்தது. அங்கே மட்டும் எங்கள் விதியை மாற்றிக்கொண்டோம், மாற்றத்தான் வேண்டும். எதிர்காற்றில் பலமானவர் முன்னால் போனால் பின்னால் ஒட்டி வருபவருக்குக் காற்று கணிசமாகக் குறையும். ஆனால் முன்னால் போகிறவர் தன் வேகத்தில் போகக் கூடாது, பின்னால் வருபவரின் வேகத்தில் போக வேண்டும். இடைவெளி விழுந்துவிட்டால் அந்த மறைப்பு போய்விடும், அவர் தனியாகக் காற்றில் மாட்டிக்கொள்வார். நான் முன்னால் இருந்தேன், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "வேகம் சரியா?" என்று கேட்டேன். "குறை" என்றால் குறைத்தேன். சைக்கிள் ஓட்டப் பலம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை.

மற்ற 25 கிலோமீட்டரும் அவள்தான் முன்னால். முதலில் கூச்சப்பட்டாள், அடிக்கடி திரும்பிப் பார்த்தாள், எங்களைக் காக்க வைக்கிறோமோ என்று வேகத்தைக் கூட்டினாள். நாங்கள் கூட்டவில்லை. அரை மணி நேரத்தில் புரிந்துகொண்டாள். அதன்பிறகு அவள் விருப்பப்படி நின்றாள். பாறை இடுக்கில் கொக்கு ஒன்று அசையாமல் நின்றதைப் பார்க்க நின்றாள். தண்ணீர் வற்றிய மணலில் நண்டு போட்ட கோலத்தைப் பார்க்க நின்றாள். வடக்கு முனையில் சாலை மேலேறும் இடத்தில் இறங்கித் தள்ளினாள், நாங்களும் இறங்கித் தள்ளினோம். ஐந்து பேரும் தள்ளிக்கொண்டு நடந்த அந்த ஏற்றத்தில் பேசியதுபோல நாங்கள் பல வருடமாகப் பேசியதில்லை. போன தடவை அந்த ஏற்றத்தை நான் நின்றபடி மிதித்து ஏறினேன், இந்த முறை பார்த்தது எதுவும் அன்று என் கண்ணில் பட்டதாக நினைவில்லை.

பின்னாலிருந்து வந்த ஒரு வண்டி ஹாரன் அடித்தபோது மட்டும் அவள் தடுமாறினாள். முன்னால் போகிறவருக்கு இந்தப் பயம் பெரிய சுமை. அமெரிக்காவின் மெக்கினாக் தீவில் 1898 முதலே மோட்டார் வண்டிகளுக்குத் தடை இருக்கிறது. தீவைச் சுற்றிப் போகும் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் சாலையில் சைக்கிளும் குதிரை வண்டியும் நடப்பவர்களும்தான், அவசர ஊர்திகள் விதிவிலக்கு. சின்னத் தீவுகள் வாரத்தில் ஒரு நாளாவது இப்படிச் செய்ய வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

படகுத்துறைக்கு வந்தபோது படகுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நான் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் உட்காரவில்லை. தண்ணீர் குடித்தாள், ஹேண்டில்பாரைத் திருப்பினாள். "அந்தச் சின்னப் பாலம் வரைக்கும் ஒரு தடவை போயிட்டு வரலாமா?" என்றாள். நாங்கள் நால்வரும் எழுந்து அவள் பின்னால் போனோம்.