ஆதார் இல்லாவிட்டால் பிரசவத்துக்குச் சேர்க்க மாட்டார்களா?

"ஆதார் அட்டையும் பிக்மி எண்ணும் (கர்ப்பப் பதிவு எண்) இல்லாத கர்ப்பிணியை அரசு மருத்துவமனையில் சேர்க்க மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

ஆதார் இல்லை என்பதற்காக மருத்துவ சேவையை மறுக்கக் கூடாது என்று ஆதார் ஆணையமே 2018-இல் தெளிவுபடுத்திவிட்டது. அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது வாழ்வுரிமை மீறல் என்பது 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. பணத்துக்கும் பயப்பட வேண்டாம்: ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டத்தில் 2011 முதல் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், பரிசோதனை, உணவு, வீடு திரும்ப வண்டி எல்லாமே இலவசம்.

பிக்மி பதிவே வேண்டாம் என்று சொல்லவில்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கு அது தேவை. கர்ப்பம் தெரிந்ததுமே கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துகொள்ளுங்கள். ஆனால் வலி வந்த பிறகு அட்டையைத் தேடி நிற்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். ரத்தப்போக்கோ வலிப்போ வந்த பெண்ணுக்கு, இந்தப் பயத்தில் வீட்டில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் உயிராபத்து.

சந்தேகமிருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்டுப் பாருங்கள். அந்தத் தகவலை யாருக்கும் அனுப்பாதீர்கள். உங்களுக்கு அனுப்பியவரிடமும் இதைச் சொல்லுங்கள்.