குரோம் துருப்பிடிக்காதுதான், ஆனால் அடியில் இருப்பது?

"குரோம் துருப்பிடிக்காது, காரின் பழைய முன் கிரில் மேலேயே புதுக் குரோம் பட்டையை ஒட்டிவிடலாம்" என்று ஒரு தம்பி எழுதியிருப்பது பாதிதான் சரி. குரோமியம் துருப்பிடிக்காது, அடியில் இருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். அலங்கார முலாமில் குரோம் அடுக்கு பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. காப்பாற்றுவது அதற்குக் கீழே உள்ள நிக்கல்தான். நுண்துளை வழியாக உப்பு ஈரம் இறங்கினால் முதலில் புள்ளி, அப்புறம் கொப்புளம். சென்னையில் கடலோரமாகக் காசிமேடு, ராயபுரம் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

துருவின் மேல் ஒட்டினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பட்டையின் பின்னால் உள்ள ஒட்டு டேப் பிடித்திருப்பதும் இரும்பை அல்ல, உதிரப்போகும் பொருக்கை. எங்கள் வீட்டு அம்பாசடரில் நானும் அப்படித்தான் ஒட்டினேன். ஒரே மழை, பட்டை எண்ணூர் நெடுஞ்சாலையில் எங்கோ விழுந்துவிட்டது.

கிரில்லைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பிரைமரும் பெயின்ட்டும் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு எண்ணெய்ப் பசையை நீக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து ஒட்டலாம். பட்டையை ஒட்டும் அக்ரிலிக் ஃபோம் டேப் முழுப் பிடிப்புக்கு வர சுமார் 72 மணி நேரம் ஆகும். அதுவரை வாட்டர் வாஷ் வேண்டாம். முலாமே கொப்புளம் விட்டிருந்தால், பட்டை வாங்கும் காசை மறுமுலாமுக்குப் போடுவது மேல்.