இன்சூரன்ஸ் இருக்கிறது என்று சொல்லாதீர்கள்

இரண்டு நாள்களாகப் பலரும் பகிர்ந்துவரும் அந்தப் படத்தையும், அதற்குக் கீழே குவிந்த சிரிப்புகளையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். லாஸ் ஏஞ்சலஸின் லிங்கன் ஹைட்ஸ் பகுதியில், 2022 ஜனவரியில், சரக்கு ரயில்களில் திருடியவர்கள் பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டிகள் தண்டவாளமே தெரியாதபடி கிழிந்து சிதறிக் கிடந்த படம் அது. "பெரிய நிறுவனத்தின் சரக்குதானே, இன்சூரன்ஸ் இருக்கும், யாருக்கு என்ன நட்டம்?" என்று நான் மதிக்கும் ஒருவரே எழுதியதைப் படித்தபின் என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

நட்டம், அந்தப் பெட்டிக்காகக் காத்திருந்தவருக்கு. நிற்கும் சரக்கு ரயிலில் ஏறி, கண்டெய்னரின் பூட்டை வெட்டி, பெட்டிகளைப் பிரித்து, விலை போகாதவற்றை அங்கேயே எறிந்துவிட்டுப் போனார்கள். எறியப்பட்டவற்றில் கொரோனா பரிசோதனைப் பெட்டிகள் கிடந்தன. ஒவ்வாமையால் மூச்சடைக்கும்போது உடனே போட்டுக்கொள்ள வேண்டிய எபிபென் ஊசிகளும் கிடந்தன. அந்த ஊசி வந்து சேராத வீட்டுக்குப் போய் இன்சூரன்ஸைப் பற்றிப் பேசுவீர்களா? அப்போது அந்த மாவட்டத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக 90-க்கும் மேற்பட்ட கண்டெய்னர்கள் உடைக்கப்பட்டதாக யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் கூறியது. ஒரு கண்டெய்னருக்குள் எத்தனை வீடுகளின் பொருள்கள் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் என் சித்தப்பா நைட்டி தைத்து வெளியூர்க் கடைகளுக்கு ரயிலில் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு தீபாவளிக்கு முன் அனுப்பிய பண்டலை வழியில் யாரோ பிரித்து, பாதியை எடுத்துக்கொண்டு, சாக்கை மறுபடி தைத்துவிட்டிருந்தார்கள். வந்து சேர்ந்த சரக்குக்கு மட்டுமே கடைக்காரர் பணம் கொடுத்தார். தைத்த பெண்களுக்கோ சித்தப்பா முழுக்கூலியும் கொடுத்தார். மதிப்பை முன்கூட்டியே அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டாத சரக்குக்கு, சட்டப்படி ரயில்வேயிடமிருந்து கிலோவுக்கு 50 ரூபாய்க்கு மேல் இழப்பீடு கிடையாது. கட்டியிருக்கலாமே என்பீர்கள். ஒரு நைட்டிக்குச் சில ரூபாய் லாபம் பார்ப்பவர் ஒவ்வொரு பண்டலுக்கும் அதை எங்கிருந்து கட்டுவார்?

2016 ஆகஸ்டில் சேலம்–சென்னை ரயிலின் கூரையைத் துளையிட்டு, ரிசர்வ் வங்கிக்கு வந்த 342 கோடி ரூபாயில் 5.78 கோடியை எடுத்தார்கள். சிபிசிஐடி விசாரித்து, 2018-இல் மத்தியப் பிரதேசக் கும்பலைப் பிடித்தது. அது ஊருக்கே நினைவிருக்கிறது. சித்தப்பாவின் பண்டல் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் நினைவிருக்கிறது.

வறுமையால் திருடுகிறார்கள் என்று சிலர் வருவீர்கள். பூட்டை வெட்டும் கருவியோடு வந்து, விலை போவதை மட்டும் பொறுக்கிச் செல்வதைப் பசி என்று நான் ஏற்கமாட்டேன்.

எனக்கு இதைவிட வலித்தது வேறொன்று. அந்தத் தண்டவாளத்தைப் பார்க்க வந்த கலிபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம், மூன்றாம் உலக நாட்டைப் போல இருக்கிறது என்றார். "நம்ம ஊர் மாதிரியே ஆகிவிட்டது" என்று அதற்கும் நம்மவர்களே சிரித்து எழுதியிருக்கிறீர்கள். தண்டையார்பேட்டையில் சரக்கு ரயில்கள் மணிக்கணக்கில் நிற்கும் தடத்தை ஒட்டி வளர்ந்தவள் நான். எங்கள் தெருவில் எல்லோருக்கும் பணத்தட்டுப்பாடு இருந்தது. அந்த வாகன்களில் ஒருவரும் கை வைத்ததில்லை. அப்படி எழுதியவர்கள் என் நட்புப் பட்டியலில் இருந்தால், அந்தப் பின்னூட்டத்தை நீக்கிவிட்டு என்னிடம் பேசுங்கள்.