பையில் தூங்கும் போஷன்கள்

நேற்று இரவு நண்பர் ஒருவர் ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். பால்டர்ஸ் கேட் 3 என்ற வீடியோ கேம், அதன் மிகக் கடினமான ஹானர் மோட். பார்ட்டியின், அதாவது ஆடுபவர் நடத்தும் குழுவின், நான்கு பேரும் தரையில் கிடக்கிறார்கள். ஆடியவர்களுக்குத் தெரியும், ஹானர் மோடில் ஒரே ஒரு சேவ்தான், பழைய இடத்துக்குத் திரும்பிப் போக முடியாது. நால்வரும் விழுந்தால் அந்த ஓட்டம் அத்தோடு போச்சு. அறுபது மணி நேர உழைப்பு. ஆறுதலாக நாலு வார்த்தை பேசலாம் என்று கூப்பிட்டேன். வாய் சும்மா இருக்காமல், "பையில் என்ன வைத்திருந்தீங்க?" என்று கேட்டுத் தொலைத்தேன். வேகம் தரும் மருந்தான ஸ்பீட் போஷன் ஒன்பது. காயம் ஆற்றும் சுப்பீரியர் ஹீலிங் பதினொன்று. எலிக்ஸிர் இருபதுக்கு மேல். ஸ்க்ரோல்களை (மந்திரச் சுருள்களை) அவர் எண்ணவே இல்லை. "எல்லாத்தையும் மூணாவது ஆக்ட்டுக்குன்னு, கடைசி பாகத்துக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன்" என்றார்.

செத்தது இரண்டாவது ஆக்ட்டில்.

சிரிக்க எனக்குத் தகுதியில்லை. பழைய ஃபைனல் ஃபேண்டசி ஆட்டங்களின் காலத்திலிருந்து நானும் இதே ஆள்தான். உயிரையும் மந்திர சக்தியையும் ஒரே மடக்கில் நிரப்புகிற எலிக்ஸிர் கைக்கு வந்தால், அதை ஏதோ குலச்சொத்து மாதிரி பொத்திப் பொத்தி வைத்து, கடைசி பாஸையும் (பெரிய எதிரியையும்) அது இல்லாமலே முடித்து, பெயர்ப் பட்டியல் ஓடும்போது பையில் அத்தனையும் பத்திரமாக இருக்கும். யாருக்காக வைத்திருந்தேன்? கேட்டால் பதில் இல்லை. "இதைவிட மோசமான சண்டை பின்னால் வரும்" என்று ஒரு பயம், அவ்வளவுதான். அந்தச் சண்டை வரும்போதும் அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கும் என்று தோன்றும்.

கொஞ்சம் தாமதமாகத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இந்த மாதிரி ஆட்டங்களில் ஒரு பொருளின் உண்மையான விலையை டர்னில்தான், அதாவது சண்டையில் ஒருவருக்குக் கிடைக்கும் முறையில்தான், பார்க்க வேண்டும். தங்கம் எப்படியும் கடைசியில் மிஞ்சத்தான் போகிறது. டர்ன் மிஞ்சாது. போஷன், வாள், கவசம், மோதிரம் எல்லாவற்றையும் இந்த ஒரே கணக்கில் எழுதிப் பார்த்தால், யாருக்கு எதைக் கொடுப்பது என்ற குழப்பத்தில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

சாதாரண ஹீலிங் போஷனையே எடுத்துக்கொள்வோம். பால்டர்ஸ் கேட் 3 இல் அது இரண்டு நான்குமுகப் பகடை, கூட 2. சராசரி 7. நான்கைந்து லெவல் தாண்டிய பிறகு, 30 ஹெச்பி (உயிர்ப் புள்ளி) மிச்சமிருக்கும் ஒருவர் அதைக் குடித்து 37 ஆனால் என்ன நடந்துவிடும்? எதிரியின் ஒரே அடியில் அது போய்விடும். ஆனால் தரையில் விழுந்து கிடப்பவர் மேல் அதே 7 பட்டால் கதை வேறு. அவர் எழுந்துவிடுகிறார், அடுத்து தன் டர்னை ஆடுகிறார். 1 ஹெச்பி உள்ளவரும் 80 ஹெச்பி உள்ளவரும் அடிக்கிற அடி ஒன்றுதான். ஆகவே சின்ன போஷன் என்பது பாதி அடிபட்டவருக்கான மருந்தே இல்லை. விழுந்தவருக்குத் திரும்பக் கிடைக்கும் ஒரு முழு டர்ன். நடுவில் இருப்பவரை நிரப்பிக்கொண்டே இருந்தால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரிதான். பெரியவற்றின் கணக்கு வேறு. சுப்பீரியர் சராசரி 28, சுப்ரீம் 45. அவற்றை விழுவதற்கு முன்பே குடிக்கலாம், நியாயம் உண்டு.

குடிப்பதற்கு அங்கே, டர்னில் கிடைக்கும் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். எறிவதற்கு, டர்னின் முக்கியச் செயலான முழு ஆக்‌ஷன் வேண்டும். இதைப் பார்த்துவிட்டு "எறிவது வேஸ்ட்" என்று எழுதுகிறவர்கள் நிறைய. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு சண்டையைச் சொல்கிறேன். குணப்படுத்தும் மந்திரம் தெரிந்த என் கிளெரிக் கையில் விஸ்பரிங் பிராமிஸ் மோதிரம். அவர் யாரைக் குணப்படுத்தினாலும் அவர்களுக்கு இரண்டு டர்னுக்கு தாக்கும் பகடையிலும் தற்காப்புப் பகடையிலும் ஒரு நான்குமுகப் பகடை கூடும். அதோடு ஹெல்ரைடர்ஸ் பிரைட் கையுறை. குணமானவர்களுக்கு வெட்டு, குத்து, மொத்து எதுவானாலும் பாதிதான் வலிக்கும். நேரடியாக மோதும் ஃபைட்டரும் பார்பேரியனும் தோளோடு தோளாக நிற்கிறார்கள். கடையில் யாரும் மதிக்காத அந்தச் சின்ன போஷன் ஒன்றை எடுத்து இருவருக்கும் நடுவில் எறிந்தேன். பாட்டில் உடைந்து தெறித்தது, இருவருக்கும் சேர்த்தே பட்டது. ஹெச்பி ஏறியது சொற்பம்தான். ஆனால் ஒரே ஆக்‌ஷனில் இரண்டு பேருக்கு இரண்டு பஃப் (தற்காலிக பலம்), மந்திரம் போடும் வாய்ப்பான ஸ்பெல் ஸ்லாட் ஒன்றுகூடச் செலவாகவில்லை, மந்திரத்தைப் பிடித்துவைக்கும் கான்சன்ட்ரேஷனும் தேவைப்படவில்லை. அந்த மோதிரமும் கையுறையும் இல்லாமல் அதே பாட்டிலை எறிந்திருந்தால், ஆமாம், வேஸ்ட்தான். அணிந்திருந்த கியர்தான் போஷனின் மதிப்பைத் தீர்மானித்தது. (தெறிப்பு ஆள் பார்க்காது. ஒருமுறை பக்கத்தில் நின்ற எதிரி கோப்ளினுக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்தேன். அவனுக்கு நன்றியுணர்வு எதுவும் இல்லை.)

ஸ்பீட் போஷன் பற்றி எனக்கு இன்னும் பிடிவாதமான கருத்து உண்டு. மூன்று டர்னுக்குக் கூடுதல் ஆக்‌ஷன், அது முடிந்ததும் ஒரு டர்ன் சோர்ந்துபோய் ஒன்றும் செய்ய முடியாது. பெரும்பாலோர் இதை எப்போது குடிக்கிறார்கள்? தோற்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்த நேரத்தில் குடித்தால், சண்டை இழுத்துக்கொண்டே போய், சோர்வு டர்ன் சரியாக எதிரி கை ஓங்கும்போது வந்து சேரும். முதல் டர்னிலேயே குடிக்க வேண்டிய பொருள் அது. கணக்கு எளிது. ஆறு எதிரிகள், ஆளுக்கு 10 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுக்கு 60. முதல் சுற்றிலேயே இருவரைக் கூடுதலாக வீழ்த்தினால் அதன்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் 20 மிச்சம். மூன்று சுற்று ஓடினால் 60. சுப்ரீம் ஹீலிங் போஷன்கூட சராசரியில் அவ்வளவு தராது. வாங்காத அடிதான் ஆகச் சிறந்த வைத்தியம் என்று என் நண்பரிடம் சொன்னேன், ஃபோனை வைத்துவிட்டார்.

எலிக்ஸிர் இன்னொரு வகை. குடித்தால் அடுத்த நீண்ட ஓய்வு வரை நிற்கும், ஆனால் ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டாவதைக் குடித்தால் முதலாவது போய்விடும். இருபது எலிக்ஸிரைப் பையில் வைத்துக்கொண்டு எவரும் எதையும் குடிக்காமல் காலையில் முகாமிலிருந்து கிளம்புவது, நான்கு காலி இடங்களைச் சும்மா விடுவதற்குச் சமம். கவசம் போடாமல் சண்டைக்குப் போவீர்களா? ஹில் ஜயன்ட் எலிக்ஸிர் குடித்தால் வலிமை 21. முதல் ஆக்ட்டில் ஆன்ட்டி எதெல் என்ற வியாபாரியிடம் கிடைக்கும், ஓய்வெடுத்துவிட்டு வந்தால் மறுபடி சரக்கு வைத்திருப்பாள். தினமும் இதைக் குடிப்பது என்று முடிவு செய்துவிட்டால் அந்தப் பாத்திரத்துக்கு வலிமையில் புள்ளி போடவே தேவையில்லை. 8 இல் விட்டுவிட்டு மிச்சத்தை வேறு இடத்தில் போடலாம். அப்போது அது போஷன் என்ற நிலையைத் தாண்டி பில்ட்டின், அதாவது பாத்திரத்தை வடிவமைக்கும் திட்டத்தின், பாகமாகிவிடுகிறது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. அதே ஆள் பிளட்லஸ்ட் எலிக்ஸிர் குடிக்க முடியாது. ஒருவரை வீழ்த்தினால் இன்னொரு ஆக்‌ஷன் தருகிற சமாச்சாரம் அது. ஏற்கெனவே நல்ல வலிமையுள்ள ஃபைட்டருக்கு ஹில் ஜயன்ட்டைக் கொடுப்பது வீண், பிளட்லஸ்ட்டைக் கொடுங்கள். வலிமை இல்லாத, வெறுங்கையால் மோதும் மங்க்குக்கு நேர்மாறு.

நிலையான எண் தருகிற கியருக்கும் இதே நியாயம்தான். அறிவை 17 ஆக்குகிற தலைப்பட்டை ஒன்று முதல் ஆக்ட்டிலேயே கிடைக்கிறது. பார்த்ததும், அறிவால் மந்திரம் போடும் விஸர்டின் தலையில் மாட்டத் தோன்றும். ஏற்கெனவே 17 வைத்திருப்பவருக்கு அது வெறும் துணி. 8 வைத்திருப்பவர் தலையில் மாட்டினால் 9 புள்ளி லாபம்.

கணக்கு இன்னும் சிக்கலாகும் இடம் பாத்ஃபைண்டர் கிங்மேக்கர் என்ற இன்னொரு ஆட்டம். 2018 இல் வந்தது, பார்ட்டியில் ஆறு பேர். அங்கே ஒவ்வொரு போனஸுக்கும் ஒரு வகை உண்டு. ஒரே வகையில் இரண்டு இருந்தால் பெரும்பாலும் பெரியது மட்டுமே செல்லும். +2 வலிமை பெல்ட் கட்டியவருக்கு +4 வலிமை தரும் மந்திரம் போட்டால் 6 வராது, 4 தான். இரண்டும் ஒரே வகை. ஆக அந்த மந்திரத்தில் பாதி காற்றோடு போனது. பெல்ட் இல்லாதவருக்குப் போட்டிருந்தால் முழு 4 கிடைத்திருக்கும். பாதுகாப்பு மோதிரமும் ஷீல்ட் ஆஃப் ஃபெய்த் என்ற காப்பு மந்திரமும் அப்படியே, மோதிரம் போட்டவருக்கு அது முழுசாகச் சேராது. எல்லா நல்ல பொருளையும் ஹீரோவுக்கே மாட்டிவிட்டு, எல்லா பஃப்பையும் அவர் மேலேயே கொட்டுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆடினேன். என் ஹீரோவைத் தொட முடியாது. எதிரிகளும் தொடவில்லை, நேராகப் பின்னால் போய் கிழிந்த அங்கியோடு நின்ற மந்திரவாதியைத் தொட்டார்கள்.

அதே ஆட்டத்தில் என் மிகப் பெரிய அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்திலேயே ஒரு குகை, உள்ளே சிலந்திக் கூட்டம். ஒவ்வொன்றாக அடிக்கிற சிலந்திகள் இல்லை, மொய்க்கிற கூட்டம். கத்தி, அம்பு எதுவும் அதன்மேல் ஏறாது. தீக்குடுவையோ அமிலக் குடுவையோ எறிய வேண்டும், அல்லது தீவட்டியால் சுட வேண்டும். என்னிடம் தீக்குடுவைகள் இருந்தன. 'இருந்தன' என்று ஏன் சொல்கிறேன் என்றால், குகைக்குப் போவதற்குச் சற்று முன்புதான் அவற்றை விற்று, கூடக் கொஞ்சம் காசு போட்டு ஒரு நல்ல வாள் வாங்கியிருந்தேன். வாள் பளபளவென்று இருந்தது. வெட்டினேன், சேதம் பூஜ்யம். மறுபடி வெட்டினேன், பூஜ்யம். ஆட்டத்தில் பிழை இருக்கிறது என்று நினைத்து லோட் செய்து மறுபடி போய் வெட்டினேன். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள், எனக்கு வாளும் புல்லாக இருந்தது. அன்றிலிருந்து எந்தப் பார்ட்டி ஆட்டத்திலும் 'குப்பை' என்று தோன்றுகிற எறிபொருளை விற்பதில்லை. இது இன்னொரு கருமித்தனம் அல்லவா என்று கேட்கலாம். எறிவதற்காக வைத்திருக்கிறேன், அதுதான் வித்தியாசம்.

பொருளின் மேல் எழுதியிருப்பதை நம்பி அதை ஒரே வேலைக்கு ஒதுக்கிவைப்பதும் ஒரு வகை வீணடிப்பே. 1994 இல் வந்த ஃபைனல் ஃபேண்டசி 6 இல் ஒரு பேய் ரயில் பாஸாக வரும். அரை மணி நேரம் போராடியவர்கள் உண்டு. செத்தவரை எழுப்புகிற ஃபீனிக்ஸ் டவுன் ஒன்றை அந்த ரயில் மேல் போட்டால் ஒரே போடில் முடிந்தது. அது ஏற்கெனவே செத்த ஜாதி, எழுப்பும் மருந்து அதற்கு விஷம்.

ஸ்க்ரோல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பால்டர்ஸ் கேட் 3 இல் யார் வேண்டுமானாலும் படித்து ஏவலாம் என்பதால், நான்கு பேருக்கும் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். விஸர்டிடமே குவித்தால் அவர் விழுந்ததும் அவற்றை ஏவ அவரால் முடியாது. குறிப்பாக செத்தவரை எழுப்புகிற ரிவிவிஃபை ஸ்க்ரோலை ஹீலரிடம் மட்டும் வைப்பதில் அர்த்தமே இல்லை. அவரை யார் எழுப்புவது?

சேமிக்கிறவர்கள் மேல் முழுப் பழியையும் போடவும் மனம் வரவில்லை. மறுபடி கிடைக்குமா என்று சொல்லாமல் ஒரு அரிய பொருளைக் கையில் கொடுத்தால் மனிதன் பதுக்கத்தான் செய்வான். 2014 இல் வந்த டிராகன் ஏஜ் இன்க்விசிஷன் இதற்கு ஒரு வழி கண்டது. முழுப் பார்ட்டிக்கும் சேர்த்து எட்டு ஹீலிங் போஷன், முகாமுக்குத் திரும்பினால் இலவசமாக நிரம்பும். மேம்படுத்தினால் பன்னிரண்டு. பதுக்க முடியாது, ஆகவே யாரும் பதுக்கவில்லை. குடிக்கலாமா என்று தயங்குகிற இடத்தில், இதை யார் குடிப்பது என்று நால்வருக்குள் யோசிக்க வைத்தது. எனக்கு அந்த ஆட்டத்தில் பல குறைகள் உண்டு, இது ஒன்று மட்டும் ரொம்பப் பிடித்தது. ஆனாலும் பால்டர்ஸ் கேட் 3 இல் போல செடி செடியாகப் பறித்து, மூன்று மூன்றாகச் சேர்த்து அரைத்து, முகாமில் பொருளை மாற்றும் மந்திரம் தெரிந்த ஒரு டிரான்ஸ்மியூட்டேஷன் விஸர்டை உட்காரவைத்து ஒன்றுக்கு இரண்டாக எலிக்ஸிர் காய்ச்சுகிற சுகம் இன்க்விசிஷனில் கிடைக்காது. பால்டர்ஸ் கேட் 3 இல் 100 தங்கத்துக்கு வாடகை ஆள் கிடைப்பார், சண்டைக்கே அழைத்துப் போக வேண்டாம். என் இப்போதைய ஓட்டத்தில் அந்த ஆள் ஒரு வாள்கூடத் தொட்டதில்லை, ஆனால் பார்ட்டியில் அதிகம் உழைக்கிறவர் அவர்தான்.

நண்பர் இன்று காலை மறுபடி ஆரம்பித்துவிட்டார். மதியம் இன்னொரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. நான்கு பேரும் தரையில். பையைப் பார்த்தேன், சுத்தமாகக் காலி. எல்லாவற்றையும் முதல் இரண்டு டர்னிலேயே குடித்திருக்கிறார். பக்கத்தில் வெடிமருந்துப் பீப்பாய் இருந்ததை மட்டும் கவனிக்கவில்லை.