‘போனில் பதிந்தால் போதும், மருத்துவ வளையம் வேண்டாம்’ என்பது தவறு

அடிசன் நோய் உள்ளவர்களுக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது: “செல்போன் லாக் ஸ்கிரீனில் நோய் விவரம் பதிந்துவிட்டால் கையில் வளையம் தேவையில்லை.” இதை நம்பி, நோய் விவரம் பொறித்த அந்த வளையத்தைக் கழற்றி வைக்காதீர்கள்.

உடல் நெருக்கடியைத் தாங்க உதவும் கார்டிசால் ஹார்மோனை அட்ரினல் சுரப்பி போதிய அளவு சுரக்காததே அடிசன் நோய். விபத்து, காய்ச்சல், விடாத வாந்தி வந்தால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியும். பார்ப்பவர்களுக்கு ஃபுட் பாய்சன் போலத்தான் தெரியும். பெரியவர்களுக்கு உடனே 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட வேண்டும். தாமதம் உயிரையே பறிக்கும்.

அந்த நேரத்தில் போன் உடைந்திருக்கலாம், சார்ஜ் இல்லாமல் போயிருக்கலாம், வண்டிக்கடியில் கிடக்கலாம். ஐபோனில் ‘லாக் ஆகியிருக்கும்போது காட்டு’ என்ற அமைப்பு அணைந்திருந்தால் எதுவும் தெரியாது. கியூஆர் கோடு மட்டும் உள்ள வளையமும் போதாது. அதைப் படிக்க இன்னொரு போனும் பெரும்பாலும் இணையமும் வேண்டும். நாடி பார்க்க மணிக்கட்டைப் பிடிப்பவர் கண்ணில் படுவது எழுத்துதான்.

துருப்பிடிக்காத எஃகில், அச்சடிக்காமல், ஆழமாகப் பொறிக்கச் சொல்லுங்கள். அச்சு வியர்வையிலும் சோப்பிலும் அழியும். ஆங்கிலத்தில் இவ்வளவு போதும்: ‘அட்ரினல் இன்சஃபிஷியன்சி, ஸ்டீராய்டு டிபென்டென்ட், ஹைட்ரோகார்டிசோன் 100 எம்ஜி ஐவி அல்லது ஐஎம்’, பெயர், வீட்டாரின் எண். ஐவி என்றால் ரத்தக்குழாயில், ஐஎம் என்றால் தசையில் போடும் ஊசி. அட்ரினல் இன்சஃபிஷியன்சி (அட்ரினல் குறைபாடு) என்பதை ‘ஏஐ’ என்று சுருக்கவே கூடாது. அவசரத்தில் யாருக்கும் புரியாது. குழந்தைகளுக்கு அளவு குறைவு, மருத்துவரிடம் கேட்டே பொறியுங்கள்.

போனிலும் பதியுங்கள், கூடுதலாக.