மூன்றாம் நிமிடத்தில் நின்றுபோன பேச்சு

செவிலியர் தின விழாவில் நடந்ததை இங்குள்ள பலர் நேரில் பார்த்தீர்கள். முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு சிஸ்டரை அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் பேசத் தொடங்கிய மூன்றாம் நிமிடத்தில் துண்டுச்சீட்டு நீட்டினார்கள். எச்ஐவி என்றாலே வார்டு நடுங்கிய காலத்தில், ஒரு நோயாளிக்குத் தாம் தனியாளாகக் காயம் கட்டிய இரவைச் சொல்லிக்கொண்டிருந்தார். மாணவிகள் கைப்பேசியை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். மூத்த செவிலியர்களின் வாய்மொழி வரலாற்றைக் கேட்டுப் பதிவு செய்வதை மாணவிகளுக்குப் பாடமாகவே வையுங்கள். 'நான் ஒரு செவிலி' என்னும் உணர்வு அங்கிருந்துதான் வரும்.

நவீனச் செவிலியப் பணிக்கு அடித்தளமிட்ட ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தியாவின் சுகாதாரத்தைப் பற்றி அவ்வளவு எழுதிய அவர் ஒருமுறைகூட இங்கு வந்ததில்லை. 1871இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியதையும், 1946இல் வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பு வந்ததையும் மாணவிகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். அந்த வார்டுகளில் நின்றவர்கள் எதற்கு அஞ்சினார்கள் என்பது மாணவிகளுக்குத் தெரியாது. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தது வரலாறாகிவிட்டது. பிறகு வந்த நோயாளிகளைத் தொட்டுத் துடைத்தவர்கள் யார்?

முதலாண்டில் நான் படிப்பை விட்டுவிட முடிவு செய்து பெட்டியே கட்டிவிட்டேன். அன்று நைட் டியூட்டியில் இருந்த ஹெட் நர்ஸ் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கண்ணாடிச் சிரிஞ்சுகளை வேகவைத்து, மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டிய தம் காலத்தைச் சொன்னார்; முதல் நோயாளி இறந்தபோது துணி அறையில் ஒளிந்து அழுததையும், அங்கே வந்த மூத்த சிஸ்டர் ஒன்றும் பேசாமல் தம்மோடு உட்கார்ந்து போர்வைகளை மடித்ததையும் சொன்னார். விடிந்ததும் நான் பெட்டியைப் பிரித்தேன்.

நினைவு தவறும் என்கிறார்கள். தவறட்டும், ஒரே வார்டில் இருந்த இருவரைக் கேட்டால் எங்கே வேறுபடுகிறார்கள் என்று தெரியும், அதுவும் படிக்க வேண்டியதே. நோயாளியின் அந்தரங்கம் என்பது நியாயமான கவலை. பெயரையும் அடையாளத்தையும் நீக்கி, சொல்பவரின் ஒப்புதலோடுதான் பதிய வேண்டும். நேரமில்லை என்பதை நான் ஏற்கவில்லை. விழா நடனத்துக்கு இரண்டு வாரம் ஒத்திகை நடந்தது.

'பாட்டி கதைக்கெல்லாம் மதிப்பெண்ணா?' என்று ஒருவர் கேட்டது மட்டும் இன்னும் வலிக்கிறது. மருத்துவர்களின் படங்கள் பெயரோடும் ஆண்டோடும் சுவரில் இருக்கின்றன. எங்கள் பழைய குழுப் புகைப்படத்தில் நாற்பது பெண்கள் நிற்கிறார்கள், ஒரு பெயர்கூட எழுதப்படவில்லை. அதில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிறன்று மூன்று மாணவிகளோடு அந்தச் சிஸ்டரின் வீட்டுக்குப் போகிறேன். காயம் கட்டி முடித்ததும் அந்த நோயாளி என்ன சொன்னார் என்பதிலிருந்து தொடங்கும்படி கேட்கப்போகிறேன்.