பாய விடுங்க, கூரையப் பாருங்க

மூணு நாளா அந்த போட்டோ டைம்லைன்ல சுத்திக்கிட்டே இருக்கு, எல்லாரும் பாத்திருப்பீங்க. உலகத்துப் பிள்ளைங்களோட பெட்ரூம்னு அமெரிக்கா, ஜப்பான், நேபாளம்னு வரிசையா போட்டுட்டு கடைசில எங்க ஊரு புள்ள பாய்ல சுருண்டு தூங்குது, மேல 'பாவம்'னு ஒரு வரி. அது எங்க எதுத்த வீட்டுப் புள்ள. ஏழாவது படிக்குது. ஞாயித்துக்கிழமை மத்தியானம், அவங்க அம்மா நடவுக்குப் போயிருந்த நேரமாப் பாத்து வாசல்ல நின்னு எடுத்திருக்காங்க. அதுகிட்டயும் கேக்கல, அம்மாகிட்டயும் கேக்கல.

நான் சொல்ல வந்தது ஒண்ணுதான். பாய்ல படுக்குறது பாவம் கிடையாது.

நான் பொறந்தது திருத்துறைப்பூண்டி பக்கம். கூடத்துல ரெண்டு பாய், அதுல அப்பாயி, அக்கா, நான், தம்பி. தைக்கால்ங்கிற ஊருல நெஞ்ச கோரைப்பாய், புதுசுல கோரை வாசம் மூக்குல ஏறும், காலைல எந்திரிச்சா கன்னமெல்லாம் வரி வரியாப் பதிஞ்சிருக்கும், பள்ளிக்கூடத்துல பிரேயர் முடியுற வரைக்கும் மறையாது. தனி ரூம் இல்லையேன்னு நான் ஒரு நாளும் அழுததில்ல. அடமழையில பாயச் சுருட்டிக்கிட்டு ஒழுகாத மூலையத் தேடுனோம் பாருங்க, அப்பத்தான் அழுதிருக்கேன்.

ஜப்பான் படத்துக்கு மட்டும் 'எவ்ளோ அழகு'ன்னு கமெண்ட். அங்கயும் எத்தனையோ வீட்டுல பிள்ளைங்க தரையில மெத்தை விரிச்சுத்தான் படுக்குறாங்க, விடிஞ்சதும் மடிச்சு அலமாரியில வச்சிடுறாங்க. அப்பா அம்மா நடுவுல புள்ள படுக்குறதுக்கு அவங்க ஒரு பேரே வச்சிருக்காங்க, 'நதிங்கிற எழுத்து மாதிரி படுக்குறது'ன்னு. அவங்க எழுத்துல நதிக்கு மூணு கோடு, நடுக்கோடு சின்னது. காவிரிக்கரையில அப்படிப் படுத்தா மட்டும் ஏன் பாவம்னு சொல்றீங்க?

இந்த மாதிரி பெட்ரூம் படங்கள ஊரறிய வச்சவரு ஜேம்ஸ் மொலிசன்னு ஒரு போட்டோகிராஃபர், 2010ல புத்தகமா வந்துச்சு. அவரு பிள்ளைங்கள தனியா, ஒரே மாதிரி வெறும் பின்னணி முன்னாடி நிறுத்தி எடுத்தாரு, நியூயார்க் பணக்கார வீட்டுப் பையனா இருந்தாலும் காத்மாண்டு கல்குவாரியில வேலை பாக்குற புள்ளையா இருந்தாலும் ஒரே பின்னணிதான். படுக்குற எடத்துக்குத் தனிப்படம். ஒவ்வொரு புள்ளையும் முழிச்சுக்கிட்டு நம்மள நேரா பாக்கும். நீங்க தூங்குற புள்ளைய எடுத்திருக்கீங்க. எங்க ஊரு பொம்பளப் புள்ளையோட தூக்கம் உங்களுக்கு என்ன காட்சிப்பொருளா?

'வறுமைய பெருமையா பேசுறீங்க'ன்னு சொல்வீங்க, தெரியும். நான் எங்கங்க பெருமையா பேசுனேன்? பாய விட்டுட்டு கூரையப் பாருங்கன்னுதான கத்துறேன்! அந்த போட்டோல கூரையே இல்ல, கட் பண்ணிட்டாங்க. மேல என்ன இருக்குன்னு நான் சொல்றேன். 2018 நவம்பர் 16, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறுன ராத்திரி அந்த வீட்டுக் கீத்து மொத்தமும் பறந்துடுச்சு. அப்ப இந்தப் புள்ள ரொம்பச் சின்னது, ஈரத்துணியில சுத்தி என் மடியிலதான் விடிய விடியக் கிடந்துச்சு. அன்னைக்கு விரிச்ச தார்ப்பாய்க்கு மேல தார்ப்பாயா இன்னைக்கு வரைக்கும் ஓடுது. மழை வந்தா புத்தகப் பையத்தான் முதல்ல தூக்கும், ஆணி அடிச்சு உயரத்துல மாட்டி வச்சிருக்கு.

2004ல கும்பகோணத்துல 94 பிள்ளைங்க எரிஞ்சு செத்தாங்க, கீத்துக் கொட்டகையில பத்துன தீ. அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துக் கீத்தையெல்லாம் பிரிக்கச் சொன்னாங்க, நல்லது. சாயங்காலம் வீட்டுக்குப் போயி அதே பிள்ளைங்க எதுக்குக் கீழ படுக்குதுன்னு யாரு கேட்டா?

அரசாங்கத்துல வீடு குடுக்குறாங்களேன்னு ஒருத்தர் கேட்டாரு. கலைஞரின் கனவு இல்லம், 360 சதுர அடி, மூணரை லட்சம், நல்ல திட்டம், எங்க தெருவுலயே ரெண்டு வீடு எழும்பியிருக்கு. ஆனா இந்தப் புள்ள வீடு நிக்கிறது கோயில் மனையில. பட்டா கிடையாது. பட்டா இல்லாம லிஸ்ட்ல பேரு ஏறாது. மூணு தலைமுறையா அங்கதான் இருக்காங்க, வரி கட்டுன ரசீது இருக்கு, கரண்ட் பில்லு இருக்கு, மனுவுக்கு மேல மனு குடுத்தாச்சு. இதப் பத்தி எழுதுனா உங்க போஸ்ட்டுக்கு எத்தனை லைக் வரும்னு எனக்குத் தெரியல, ஆனா எழுதியிருக்கணும்ல?

கமெண்ட்ல ஒருத்தர் கட்டில் வாங்கித் தர்றேன்னு கேட்டிருந்தாரு. உங்க மனசுக்கு நன்றிண்ணே, நெசமாத்தான் சொல்றேன். ஆனா பத்துக்குப் பன்னெண்டு எடம், அதுலதான் அடுப்பும். கட்டில் போட்டா அவங்க அம்மா எங்க படுக்கும்?

போட்டோ போட்டாத்தான் உதவி வரும்னு சொல்றவங்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்ல. உங்க புள்ள தூங்குறத இப்படிப் போடுவீங்களா?

கிளாஸ்ல எவனோ போன்ல காட்டியிருக்கான். ரெண்டு நாளா ஸ்கூலுக்குப் போகல. நேத்து சாயங்காலம் போனேன், அவ்ளோ புழுக்கத்துலயும் கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருக்கு. பாயச் சுருட்டி அடுப்புக்குப் பின்னாடி மறைச்சு வச்சிருக்கு. 'அத்தை, வெளியில யாராச்சும் நிக்கிறாங்களான்னு பாத்துட்டுக் கதவத் தெறங்க'ன்னு சொல்லுச்சு.

அந்தப் போஸ்ட்ட எடுங்க.